மேஜை வேண்டுமா? வெறுங்கதவை வாங்குங்கள்

இன்றைக்குக் கொஞ்சம் கோபமாகத்தான் எழுதப் போகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் பாண்டிச்சேரியிலிருந்து ஆரோவில் போகும் வழியிலும், கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் பழைய மரச் சாமான் கடைகள் இருப்பதை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். உள்ளே போய் "டீப்பாய் இருக்கிறதா?" என்று கேட்டுப் பாருங்கள். கால் வைத்த கதவு ஒன்றைக் காட்டுவார்கள். யார் வீட்டிலோ தலைமுறை தலைமுறையாக வாசலில் நின்ற தேக்குக் கதவு. சுற்றிலும் பூவேலை, நடுவில் பித்தளைக் குமிழ்கள். அதன் மேல் ஒரு கண்ணாடி. கண்ணாடியின் மேல் காப்பிக் கோப்பை வைக்க வேண்டுமாம்.

காப்பிக் கோப்பை வைக்க என்ன வேண்டும்? மேடு பள்ளம் இல்லாத ஒரு பலகை வேண்டும். சித்திர வேலை செய்த கதவில் மேடும் பள்ளமும்தான் இருக்கும். அதனால்தான் மேலே கண்ணாடி போட வேண்டியிருக்கிறது. மேஜையாக இருக்க இந்தப் பொருளுக்கு லாயக்கில்லை என்பதற்கு அந்தக் கண்ணாடியே சாட்சி.

நான் சின்ன வயதில் படித்தது பிரெஞ்சு மீடியத்தில். கீழ் வகுப்புகளில் 'லெஸோன் த ஷோஸ்' என்று ஒரு பாடம் உண்டு. பொருள்களைப் பற்றிய பாடம் என்று சொல்லலாம். வாத்தியார் ஒரு உப்புக் கல்லையோ, ஒரு இறகையோ, ஒரு சாவியையோ மேஜைமேல் வைத்து, இது எதனால் ஆனது, எப்படிச் செய்தார்கள், எதற்குப் பயன்படுகிறது என்று கேட்பார். சொல்லத் தெரியாவிட்டால் நிற்க வேண்டும். இன்றைக்கு வீட்டு அலங்காரம் செய்கிறோம் என்று கிளம்பியிருப்பவர்களை அந்த வகுப்பில் கொண்டுபோய் உட்கார வைக்க ஆசையாக இருக்கிறது. பாதிப் பேர் நின்றுகொண்டே இருப்பார்கள்.

அந்த மூன்று கேள்வியை இப்போது ஒரு பிளஷ் டோரைப் பார்த்துக் கேட்போம். குளியலறைக்கும் பின்பக்க அறைக்கும் போடுகிறோமே, பூ இல்லாமல் கட்டம் இல்லாமல் வழவழவென்று, அந்த வெறுங்கதவுதான். சுற்றிலும் மரச் சட்டம். நடுவில் சின்னச் சின்ன மரக் கட்டைகளை நெருக்கி அடுக்கி ஒட்டியிருப்பார்கள். இரண்டு பக்கமும் மெல்லிய மரத் தகடுகளை வைத்து, சூட்டோடு அழுத்தி எடுப்பார்கள். இந்த ரகத்துக்கு ஐ.எஸ். 2202 என்று அரசு தர அளவே இருக்கிறது. கனம் 25, 30, 35 மில்லிமீட்டர் என்று வரும். கட்டைகளை ஒன்றின் பக்கத்தில் ஒன்றாக நெருக்கி அடுக்குவதால், ஒன்று வளையப் பார்த்தால் பக்கத்துக் கட்டை விடாது. ஆகவே கதவு நேராக நிற்கும். நேராக நிற்பது நேராகப் படுக்கவும் படுக்கும். மேஜைக்கு வேறு என்ன வேண்டும்?

அளவைப் பாருங்கள். ஆறரை அடிக்கு இரண்டரை அடி. ஆறு பேர் உட்கார்ந்து சாப்பிடலாம். இரண்டு பிள்ளைகள் முழங்கை இடிக்காமல் பக்கத்தில் பக்கத்தில் படிக்கலாம். இந்த அளவில் ஒரே பலகையாகத் தேக்கு வாங்கப் போனால், ஓய்வூதியக்காரன் வாங்கக்கூடிய விலையிலா இருக்கிறது?

2019-ல் பேத்தி படிக்க நான் ஒன்று செய்தேன். கதவு 1,900 ரூபாய். வெல்டிங் பட்டறையில் சதுரக் குழாயில் கால் செய்ய 1,600. ஆசாரிக்கு ஒரு நாள் கூலி 900. வார்னிஷ், உப்புத்தாள், ஸ்க்ரூ எல்லாம் சேர்த்து 400. ஆக 4,800 ரூபாய். கணக்கு எழுதி வைப்பது பழைய பழக்கம், அதனால் துல்லியமாகச் சொல்ல முடிகிறது. அதே சமயம் கடையில் பார்த்த படிப்பு மேஜை, இதில் பாதி நீளம், விலை 9,000. மாதத் தவணை உண்டு என்று பெருமையாகச் சொன்னான் அந்தப் பையன்.

அந்த மேஜை எதனால் ஆனது? மரத்தூளைப் பசையில் குழைத்து அழுத்திய பலகை. மேலே மர ரேகை அச்சடித்த தாள். கடலோரத்து ஊரில், ஐப்பசி கார்த்திகை மழையில், அந்தத் தூள் பலகை என்ன ஆகும்? ஃபெஞ்சல் புயலைக் கேளுங்கள். 2024 நவம்பர் 30 இரவு அது நம் ஊர்ப் பக்கம் கரையைக் கடந்தது. ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை. தாழ்ந்த தெருக்களில் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தது. வடிந்த பிறகு பார்த்தால், வாசலுக்கு வாசல் இந்தத் தூள் பலகை அலமாரியும் கட்டிலும் மேஜையும் குப்பையாகக் கிடந்தன. அடிப்பாகம் ஊறி, தண்ணீரில் போட்ட ரொட்டி மாதிரி உப்பிப் போயிருந்தது. தவணை மட்டும் உப்பாமல் அப்படியே பாக்கி நிற்கும்.

பிளஷ் டோர் தண்ணீரில் கரையாதா என்று கேட்பீர்கள். மலிவிலும் மலிவான ரகம் என்றால் அதுவும் தகடு பிரியும். தண்ணீர் தாங்கும் பசை போட்டது என்று கேட்டு வாங்க வேண்டும், கொஞ்சம்தான் விலை கூட. அதோடு, மேஜையான பிறகு கதவு தரையிலிருந்து இரண்டரை அடி உயரத்தில் இருக்கிறது. இரும்புக் கால்தான் தண்ணீரில் நிற்கும். தூள் பலகை மேஜைக்குக் காலும் தூள் பலகையேதான்.

இந்த யோசனை நான் கண்டுபிடித்தது அல்ல. 1994-ல் அமேசான் கம்பெனியைத் தொடங்கிய ஜெப் பெசோஸ், மேஜை வாங்குவதைவிடக் கதவு மலிவு என்று பார்த்து, கதவுக்கு மரக் கால் அடித்து அதில்தான் உட்கார்ந்து வேலை பார்த்தார். பிற்பாடு அந்தக் கம்பெனியில் சிக்கனமான யோசனை சொல்பவர்களுக்குக் 'கதவு மேஜை' பெயரிலேயே ஒரு விருதும் வைத்தார்கள். கோடீசுவரன் செய்தால் சிக்கனம், ரிட்டயர்டு கிளார்க் செய்தால் தரித்திரம்! என் மைத்துனர் ஒருவர் பேத்தியின் மேஜையைத் தட்டிப் பார்த்து, "என்ன மாமா, பாத்ரூம் கதவையா போட்டிருக்கீங்க?" என்றார். பாத்ரூமுக்கு இன்னும் போகாத கதவு, மாப்பிள்ளை. போயிருந்தாலும் அதன் குலம் கெட்டுவிடாது.

எங்கள் அலுவலகத்தில் நடந்தது ஒன்று ஞாபகம் வருகிறது. மேஜை கேட்டு எழுதினால் இரண்டு வருஷம் ஆகும் காலம். கட்டட வேலையில் மிஞ்சிய வெறுங்கதவு ஒன்று கிடங்கில் இருந்தது. பியூன் ஒருவர் இரண்டு பழைய ஸ்டூல்களின் மேல் அதைப் போட்டு, பைல்களை அடுக்க வைத்துவிட்டார். ஏழெட்டு வருஷம் எங்கள் செக்ஷனின் பெரிய மேஜை அதுதான். ஆண்டுதோறும் சரக்குக் கணக்குப் பார்க்க வரும் அதிகாரி, "கதவு ஒன்று என்று பதிவேட்டில் இருக்கிறதே, எங்கே?" என்பார். "ஐயா கை வைத்திருப்பது அதன் மேல்தான்" என்போம். அவர் சிரிக்காமல் 'உள்ளது' என்று எழுதிவிட்டுப் போவார்.

சரி, செய்ய நினைப்பவர்களுக்குச் சில விஷயம் சொல்லிவிடுகிறேன். வெறுங்கதவிலும் உள்ளே காலியான ரகம் ஒன்று உண்டு, தேன்கூடு மாதிரி அட்டை வைத்தது. தட்டிப் பார்த்தால் டம் டம் என்று கேட்கும். படுக்கைக்குத் தலைப்பலகையாகச் சுவரில் சார்த்த அது சரி. மேஜைக்கு வேண்டாம். நடுவில் ஸ்க்ரூ போட்டால் பிடிமானம் இருக்காது, ஓரச் சட்டத்தில்தான் நிற்கும். அறுத்தால் ஓட்டை தெரியும். கட்டை நிறைத்த ரகம்தான் மேஜைக்கு. தூக்கிப் பார்த்தால் 25 கிலோவுக்குக் குறையாது. காலை இரண்டு கோடியிலும் வைக்காதீர்கள், ஒரு அடி உள்ளே தள்ளி வையுங்கள். நடு தொய்யாது, உட்காருபவர்கள் முழங்காலும் இடிக்காது. கால் 28 அங்குலம் போதும், கதவின் கனத்தோடு 29 சொச்சம் வரும். மேலே சன்மைக்கா ஒட்டினால் அடியிலும் ஏதாவது ஒட்டுங்கள் அல்லது பூசுங்கள். ஒரு பக்கம் மட்டும் மூடினால் மறுபக்கம் காற்றின் ஈரத்தைக் குடித்துக் கதவு வில்லாக வளையும். அறுத்த முனை எதுவாக இருந்தாலும் மரப்பட்டை ஒட்டி மூட வேண்டும். இடிப்புச் சாமான் கடையில் பழைய பிளஷ் டோர் இன்னும் மலிவு. பூட்டுக்கு வெட்டிய ஓட்டை இருக்கிறதே என்று தள்ளாதீர்கள். கம்ப்யூட்டர் ஒயரை விட அதைவிட நல்ல வழி கிடையாது. மிச்சம் அறுத்த துண்டு சுவர் அலமாரித் தட்டாகும். திண்ணை இல்லாத வீட்டில் ஒரு குட்டி பெஞ்சும் ஆகும்.

வெறும் பலகையில் அழகு எங்கே என்பவர்களுக்கு, நம் ஊரிலேயே இருக்கும் கோல்கொண்டாவைக் காட்டுவேன். ஆசிரமத்து விடுதி. அந்தோனின் ரேமோன் திட்டமிட்டுக் கொடுக்க, ஜார்ஜ் நாகஷிமா 1930-களின் கடைசியில் இங்கேயே தங்கிக் கட்டட வேலையைப் பார்த்தார். அறைகளின் கதவுகள் வெறும் தேக்குச் சட்டங்கள்தான், தள்ளித் திறப்பவை. பூ இல்லை, யாளி இல்லை. காற்று வரும், வெயில் வராது. அந்த நாகஷிமா அமெரிக்கா போய், பலகையைப் பலகையாகவே வைத்து மேஜை செய்து உலகப் பெயர் வாங்கினார். அப்படிப்பட்ட ஊரில் உட்கார்ந்துகொண்டு வாசற்கதவை அறுத்து டீப்பாய் செய்கிறோம்.

இப்போது என் கோபத்தின் மூல காரணத்துக்கு வருகிறேன்.

பழைய கதவுக்குக் கீல் கிடையாது, கவனித்திருப்பீர்கள். கதவின் ஒரு ஓரத்தில், மேலும் கீழும், மரமே முளை மாதிரி நீண்டிருக்கும். குடுமி என்போம். மேல்குடுமி நிலையின் குழியிலும், கீழ்க்குடுமி அடிக் குழியிலும் உட்கார்ந்து சுழலும். விளக்கெண்ணெய் இரண்டு சொட்டு விட்டால் சத்தம் வராது. அந்தக் குடுமிதான் கதவின் உயிர். கதவை மேஜை ஆக்குகிறவன் முதலில் அறுப்பது அதைத்தான், நீட்டிக்கொண்டிருந்தால் மேஜைக்கு அசிங்கமாம். குடுமி போன கதவு அப்புறம் ஒருநாளும் பழையபடி கதவாகாது. வெறுங்கதவு மேஜையை வேண்டாம் என்றால் நாளைக்கே கழற்றிக் குளியலறைக்கு மாட்டலாம். அதற்கு மறு பிறப்பு உண்டு. வாசற்கதவுக்கு இல்லை.

அந்தக் கதவுக்கு வெள்ளிக்கிழமைதோறும் நம் வீட்டுப் பெண்கள் மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தார்கள். அதன் வழியாகத்தான் கல்யாணப் பெண் வலது கால் வைத்து உள்ளே வந்தாள். பெரியவர்களை அதன் வழியாகத்தான் வெளியே கொண்டுபோனோம். இப்போது ஏதோ ஒரு தங்கும் விடுதியின் வரவேற்பறையில் அது மல்லாந்து கிடக்கிறது, மேலே சாம்பல் கிண்ணம். 'பாரம்பரியம்' என்று பக்கத்தில் அட்டை வேறு.

"வீடு இடிந்துபோகிறது, கதவு விறகாகிப் போவதைவிட மேஜையாக இருக்கட்டுமே" என்று ஒரு வாதம் உண்டு. கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் தேக்கு வாசற்கதவை யாரும் விறகாக்குவதில்லை. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போய்ப் பாருங்கள், கதவும் நிலையும் தூணும் எப்படி விலை போகிறது என்று. விறகாகும் என்று பயம் காட்டுகிறவர் பெரும்பாலும் வாங்க வந்தவராகத்தான் இருப்பார். உண்மையான கேள்வி வேறு. கதவைக் கதவாகவே வாங்க ஆள் இருக்கும்போது அறுக்க ஏன் கொடுக்க வேண்டும்? நம் தமிழர் பகுதியிலேயே வைசியாள் வீதியை இன்டாக் அமைப்பினர் முன்னின்று புதுப்பித்தார்கள். அங்கே தால்வாரமும் திண்ணையும் மரத் தூணும் மறுபடி நிற்பதைப் பார்க்கிறோம். அதைப் பார்த்துச் சொந்தச் செலவில் பழைய வீட்டைச் சீர்செய்கிறவர்கள் அங்கொருவர் இங்கொருவர் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கதவு வேண்டும், நிலை வேண்டும், குடுமியோடு வேண்டும்.

வியாபாரிக்குப் பொருளின் மதிப்பு தெரிகிறது, வைத்திருப்பவனுக்குத்தான் தெரிவதில்லை. சண்டிகர் அரசு அலுவலகங்களுக்காக பியேர் ழான்னெரே காலத்தில் செய்த நாற்காலிகளும் மேஜைகளும், நம்மைப் போன்ற குமாஸ்தாக்கள் உட்கார்ந்து தேய்த்தவை, கழித்துக் கட்டிய சாமானாக மலிவு விலைக்கு ஏலம் போயின. பிறகு அவையே வெளிநாட்டு ஏல மண்டபங்களில் லட்சங்களுக்கு விற்றன. இங்கே நம் கதவுகளுக்கும் அதே கதைதான், கூடவே ரம்பமும் சேர்ந்துகொள்கிறது.

எங்கள் தாத்தா வீட்டு விவகாரமும் இதுதான். தமிழர் பகுதியில் இருக்கிறது அந்த வீடு. பின்கட்டுச் சுவர் மழையில் விழுந்து, பங்காளிகள் ஐந்து பேரும் விற்பது என்று முடிவாகிவிட்டது. அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, ஐந்து பேரும் ஐந்து ஊரில் இருக்கிறோம். வாங்குபவர் இடித்துத்தான் கட்டுவார். மிஞ்சியிருப்பது வாசற்கதவு. இரட்டைக் கதவு, நிலைக்கு மேலே கஜலட்சுமி.

மூன்று பேர் கேட்கிறார்கள். ஒருவர் வியாபாரி. நிலை வேண்டாம், கதவு மட்டும் போதும் என்கிறார். எதற்கு என்று நான் கேட்கவில்லை, தெரியும். இரண்டாமவர் பழைய வீடு ஒன்றைச் சீர்செய்பவர். நிலையோடு வாங்கி வாசலிலேயே மாட்டுவேன் என்கிறார், ஆனால் வியாபாரியைவிட 18,000 ரூபாய் குறைவாகத் தருகிறார். மூன்றாமவர் பிரான்சில் இருக்கும் என் சித்தப்பா மகன். போன மாதம் வீடியோவில் பேசும்போது, "அண்ணே, அந்தக் கதவை மட்டும் எனக்குக் கப்பல்ல அனுப்பி வைங்க. சலோனுக்கு ஒரு பெரிய மேஜை பண்ணிக்கறேன். தாத்தா ஞாபகமா இருக்கும்" என்றான். பாசத்தில்தான் கேட்கிறான். அதனால்தான் பதில் சொல்லக் கஷ்டமாக இருக்கிறது.

தம்பி, நீ இதைப் படிப்பாய் என்று தெரியும். நீ இருக்கும் நாட்டில், வீட்டு வேலைச் சாமான் விற்கும் எந்தப் பிரிகொலாழ் கடையிலும் 'இஸோப்ளான்' என்று வெறுங்கதவு கிடைக்கும். அது உள்ளே காலி ரகம், மேஜைக்குக் கட்டை நிறைத்த கதவு இருக்கிறதா என்று கேள். இரண்டு 'த்ரெத்தோ' வாங்கு, அதுதான் அந்தக் கவட்டுக் கால். மேலே கதவைப் போடு. அந்த ஊர் மாணவர்கள் காலம் காலமாகப் பலகையும் த்ரெத்தோவும் வைத்துத்தான் படிக்கிறார்கள், உனக்கே தெரியும். தாத்தா அந்தக் கதவைப் படுக்க வைத்துப் பார்த்தவர் இல்லை. ராத்திரி ஒன்பது மணிக்குத் தாழ்ப்பாள் போட்டுவிட்டு, போட்டது சரியா என்று இன்னொரு தரம் இழுத்துப் பார்ப்பார். உனக்கு ஞாபகம் வேண்டுமென்றால், கதவு புது வீட்டில் மாட்டின பிறகு வந்து அதைத் திற. கூட நான் வருகிறேன்.

18,000 ரூபாயை ஐந்தாகப் பிரித்தால் தலைக்கு 3,600. என் பங்கில் அதைக் கழித்துக்கொள்ளுங்கள் என்று மற்ற நால்வருக்கும் எழுதிவிட்டேன். தேவையானால் இன்னொருவர் பங்கையும் நானே ஏற்கிறேன். ஆனால் கதவைத் தனியாக, நிலையைத் தனியாக விற்கும் தாளில் என் கையெழுத்து விழாது. முப்பத்தைந்து வருஷம் எந்தத் தாளில் கையெழுத்துப் போடலாம், எதில் கூடாது என்று பார்த்துச் சம்பளம் வாங்கியவன் நான்.

மூன்று பேர் சம்மதித்துவிட்டார்கள். தம்பியிடமிருந்து இன்னும் பதில் வரவில்லை. அவனுக்காக ஒன்று விசாரித்து வைத்திருக்கிறேன். பின்கட்டில் அரிசி மூட்டை போடும் அறைக்கு ஒரு வெறும் பலகைக் கதவு இருக்கிறது. ஆறு அடிக்கு இரண்டரை அடி, பூவேலை ஒன்றும் இல்லை, பாட்டி சுண்ணாம்பால் பால் கணக்குப் போட்ட கோடுகள் உள்பக்கம் லேசாகத் தெரிகின்றன. அதற்குக் குடுமி கிடையாது, இரும்புக் கீல்தான். கப்பல் செலவு அவனுடையது.